வங்கி அட்டை நுழையாத பேர்ஸ்

பேர்ஸின் அளவைக் கெடுத்தது நீங்கள். பழியை என் தலையில் கட்டியதும் நீங்கள். என் கணவரின் அக்கா, கனடாவில் இருக்கிறவர், நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதாமலே இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியும். மற்றவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தோல் வேலை செய்கிறவள். வீடு வவுணதீவுப் பக்கம், எனக்குச் சீதனமாக வந்த வீடு. பின்பக்கம் தகரக் கொட்டில் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருந்து பேர்ஸ், இடுப்புப் பட்டி, தோள் பை எல்லாம் கையால் தைக்கிறேன். மெசின் இல்லை. இரண்டு ஊசி, மெழுகு பூசிய நூல், ஒரு கத்தி. கலியாணத்துக்கு முன் கொழும்புப் பக்கம் ஒரு பைத் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் நின்றேன். வேலை அங்கே பழகியது. தோலைக் காத்தான்குடியில் ஒரு வியாபாரியிடம் எடுக்கிறேன். அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன்.

இந்த வேலையை உங்கள் குடும்பம் எப்படிப் பார்த்தது என்பது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. கலியாணம் முடித்த புதிதில் மாமி என் கையால் சோறு வாங்க மாட்டார். நீங்கள் அங்கிருந்து போன் எடுத்து, ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருக்கும்போது, "தம்பிக்கு வேற பொம்பிளையே கிடைக்கல்லயா, செருப்புத் தைக்கிறவளத்தான் தேடி எடுத்தானா?" என்று சிரித்தீர்கள். நான் அப்போது ஒரு செருப்புக்கூடத் தைத்தது கிடையாது. தைத்திருந்தாலும் வெட்கப்பட மாட்டேன்.

வைகாசியில் வருடாந்தச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்தால் நான் தோலைச் சுருட்டி, கொட்டிலைப் பூட்டிவிடுவேன். சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி முடியும் வரை தொட மாட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் அந்த அம்மனைக் கும்பிடுகிறவள்தான்.

தோல் வெட்டுகிற அளவுப் படத்தை விற்கத் தொடங்கியது ஒரு மாரி மழைக் காலத்தில். இங்கே மழை பிடித்தால் தோல் வாவியின் ஈரத்தைக் குடிக்கும். அவுஸ்திரேலியாவில் ஒரு பெண்ணுக்குத் தைத்து வைத்த பை, ரோட்டில் வெள்ளம் ஏறி பார்சல் போக முடியாமல் கிடந்து, பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது. நடந்ததை அவளுக்கு எழுதினேன். அவளும் வீட்டில் தோல் தைக்கிறவளாம். பை வராவிட்டால் பரவாயில்லை, அதை வெட்டுகிற அளவை விற்பாயா என்று கேட்டாள்.

அளவு என்னிடம் மட்டையில் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மட்டை. அதைத் தோலின் மேல் வைத்து, கோடு இழுத்து வெட்டுவோம். ஒரு பழைய லப்டொப்பில் அந்த மட்டைகளைக் கோடு கோடாக வரைந்தேன். ஊசி போகிற துளைகளைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். கண் எரிந்தது. ஆனால் அனுப்பினேன். அவள் அதை அச்செடுத்து, தன்னிடம் இருந்த தோலில் பையைத் தைத்து, படம் போட்டாள். என் பை ஒரு துளி மழை படாமல் கடல் கடந்து போயிருந்தது. அன்றிலிருந்து ஒரு பக்கம் தைத்தேன், ஒரு பக்கம் வரைந்தேன். தோல் தொடாத சடங்கு நாட்களில் முழு நேரமும் வரைவேன்.

விற்கக் கடை வேண்டும். இணையத்தில் நான் கடை திறந்தால் வெளிநாட்டுக்காரர் கட்டுகிற காசு என் கைக்கு வர வழியில்லை. அதனால் இங்கே எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். வெளியில் இருக்கிற சொந்தக்காரரின் பெயரில் திறந்தேன். அந்தச் சொந்தக்காரர் நீங்கள். சந்தோசமாகச் சம்மதித்தீர்கள். அது உண்மை. காசு ஒழுங்காக வந்தது, அதுவும் உண்மை. ஆகவே கதையைக் காசுப் பக்கம் இழுக்க வேண்டாம். நான் அதைக் கேட்டு வரவில்லை.

வரைகிறது நான், ஏற்றுகிறது நீங்கள். இதுதான் ஏற்பாடு. யாராவது சந்தேகம் கேட்டால் காலையில் உங்கள் குரல்பதிவு கிடக்கும். "புள்ள, இந்த வெள்ளைக்காரி என்னமோ கேக்கிறாகா, பாத்துச் சொல்லு." நான் சொல்வேன். நீங்கள் அதை இங்கிலிசில் எழுதுவீர்கள். உங்கள் இங்கிலிசு நல்லது. அதையும் நான் மறுக்கவில்லை.

இனி, பேர்ஸ்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் அங்குலச் சதுரம் ஒன்று போடுவேன். அச்செடுத்ததும் அடிமட்டக் கோலை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் வெட்டலாம். இல்லாவிட்டால் கத்தியைத் தொடக் கூடாது. சீலைத் துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் குத்தின துளை குத்தினதுதான். வெட்டினது வெட்டினதுதான். இந்தத் தொழிலில் அளவு பிழைத்தவளிடம் ஒருவரும் திரும்பி வர மாட்டார்கள்.

இங்கே நாங்கள் பாவிக்கிறது ஏ4 தாள். உங்கள் ஊர்த் தாள் அதைவிட நீளத்தில் கட்டை. உங்கள் பிரிண்டரில் படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் முழுப் படத்தையும் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கினீர்கள். மூலையில் இருந்த சதுரம் வடிவில்லை என்று அதையும் அழித்தீர்கள். என் படக் கோப்பை நீக்கிவிட்டு, சுருக்கியதைக் கடையில் போட்டீர்கள். எனக்குச் சொல்லவில்லை.

கண்ணால் பார்த்தால் தெரியாது. எல்லாத் துண்டும் ஒன்றுபோலத்தான் சுருங்கியிருக்கும். ஆனால் வங்கி அட்டை உலகம் முழுக்க ஒரே அளவு. அது உங்களுக்காகச் சுருங்காது. சனங்கள் நல்ல தோலை எடுத்து, வெட்டி, லீவு நாள் முழுக்க இருந்து தைத்து, கடைசியில் அட்டையைச் செருகினால் போகவில்லை. கடைக்குக் கீழே படம் படமாகப் போட்டார்கள். வாயில் அட்டை சிக்கின பேர்ஸ், வரிசையாக.

இதில் எதுவும் தெரியாத எனக்கு முதலில் சேதி சொன்னவர் தோல் வியாபாரி நானா.

"என்ன தங்கச்சி, ஒங்கட மச்சாள் ஒங்களுக்கு வேல போட்டுக் குடுத்திரிக்காவாமே? சொல்லவே இல்ல?"

"என்ன நானா பகிடி விடுறீங்க?"

"பகிடி இல்ல புள்ள. அவட லைவ் வீடியோ ஒண்டு ஓடுது. போய்ப் பாருங்க. பாத்திட்டு கத்திய மட்டும் கீழ வெச்சிடுங்க."

கொட்டிலுக்குள் நின்றபடி பார்த்தேன். நீங்கள் பட்டுச்சேலை கட்டி இருந்தீர்கள். பின்னால் திரையில் நான் தைக்கிற வீடியோ ஓடியது. உங்களுக்கு நான் அனுப்பியதுதான். முகம் வெட்டப்பட்டிருந்தது, கை மட்டும். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டிசைன் எல்லாம் நான்தான் செய்யிறன். இது எங்கட குடும்பத்தில பரம்பரையா வந்த கலை. ஊரில ஒரு ஏழைப் பொம்பிளைக்கு வேலை குடுத்திருக்கிறன். பாவம், படிப்புக் குறைவு. அளவில பிழை விட்டிட்டா. நாங்கதான் பொறுமையாச் சொல்லிக் குடுக்க வேணும்."

பரம்பரையாக வந்த கலையாம். என் கையால் சோறு வாங்காத பரம்பரை. கடைக்குள் போய் நீங்கள் போட்டிருந்த கோப்பை இறக்கிப் பார்த்தேன்: படம் சுருங்கியிருந்தது, சதுரம் இல்லை.

கணவர் வயல் வட்டையில் இருந்து வந்ததும் போனை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். கால் கழுவப் போனார். திரும்பி வந்து, "அக்கா தெரியாமச் சொல்லியிருப்பா" என்றார்.

"தெரியாமயா? சுருக்கத் தெரியும், சதுரத்த அழிக்கத் தெரியும், பிழை விட்டது ஆரெண்டு மட்டும் தெரியாதா?"

"வைகாசிக்கு வாறாதானே. நேர கதைப்பம்."

வந்தீர்கள். சடங்குக்குக் கிரானில் மாமி வீட்டில் நின்றீர்கள். நான் தோல் எதுவும் கொண்டு வரவில்லை. இரண்டு தாள் கொண்டு வந்தேன். ஒன்று நான் வரைந்தது, மற்றது நீங்கள் விற்றது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கணவரின் வங்கி அட்டையை வாங்கி முதல் தாளில், அட்டை செருகுகிற துண்டின் மேல் வைத்தேன். கோட்டுக்குள் கிடந்தது. அடுத்ததில் வைத்தேன். கோட்டை மூடிக்கொண்டு வெளியே நின்றது.

மாமி பூக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

நீங்கள் தாளைத் தூக்கிப் பார்த்தீர்கள். "சரி புள்ள. நான்தான் சின்னனாக்கினன். இப்ப அதுக்கு என்ன?"

"அத லைவ்ல சொல்லுங்க."

"விசரா உனக்கு? அங்க என்னை எத்தினை பேர் பாக்கிறாங்க தெரியுமா? நான் போய்ப் பிழை விட்டனெண்டு சொன்னா கடையே போயிரும்."

"என்னைப் பிழையெண்டு சொல்லேக்க போகல்லதானே?"

"உன்னை ஆருக்குத் தெரியும் புள்ள? உன்ட முகத்தையே நான் போடல்ல. உனக்கு என்ன நட்டம்?"

கணவரைப் பார்த்தேன். அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள ஒத்துக்கொண்டுட்டாதானே, விடு புள்ள" என்றார் மாமி. "அம்மாள்ற கதவு திறந்திரிக்கிற நேரம். இந்த நேரத்தில வீட்டுக்க சண்டை வேணா."

"கதவு திறந்திரிக்கெண்டுதான் மாமி கேக்கிறன். இப்பயும் பொய் சொல்லுவாவா எண்டு பாப்பம்."

மாமி பூவைக் கீழே வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, மெதுவாக, "சொல்லித்தான் விடன்கா" என்றார். மாமி என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அதை நீங்களும் கவனித்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"சரி, சரி. குளிர்த்தி முடியட்டும். போய்ச் சொல்லுறன். எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். போதுமா?"

போதும் என்றேன். குளிர்த்தியன்று நீங்களும் நானும் ஒன்றாக நின்று கும்பிட்டோம். என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தீர்கள். அந்தப் படத்தில் என் முகம் இருந்தது. ஆனால் அதைப் போடவில்லை.

திரும்பிப் போனீர்கள். முதலில், கடைக்குள் நுழைய எனக்கு இருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. போன் எடுத்தேன், எடுக்கவில்லை. பிறகு கடையில் என் பழைய கோப்பு, சதுரத்தோடு, மறுபடியும் ஏறியது. மேலே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: முன்பு எங்கள் பணியாளர் விட்ட அளவுப் பிழையை நாங்கள் திருத்திவிட்டோம்.

நான் வரைந்ததைக் கொண்டே நான் விடாத பிழையைத் திருத்தியிருக்கிறீர்கள்.

இங்கிருந்து நான் இணையத்தில் வேறொரு பக்கம் தொடங்கினேன். காசு வர வழி இல்லாததால் படம் விற்க முடியாது, தைத்த பொருட்களை மட்டும் காட்டலாம். முதலில் வந்த கேள்வியே, "அந்தக் கடையில் பிழையாக அளந்த பெண் நீங்கள்தானா?" என்பது. கேட்டது அந்த அவுஸ்திரேலியாக்காரி. என் பையை முதலில் நம்பித் தைத்தவள். உனக்கு என்ன நட்டம் என்று கேட்டீர்களே. இதுதான் நட்டம். இல்லை என்று எழுதினால் யார் நம்புவார்? கடை உங்கள் பெயரில். கோப்பு உங்கள் பெயரில். வீடியோவில் நான் வெறும் கை.

இப்போது புது விளம்பரம் ஒன்று பார்த்தேன். தோல் பொருள் வடிவமைப்பு, இணையவழி வகுப்பு, கற்பிப்பவர் நீங்கள். மாமிக்கும் தெரியும். நேற்று எனக்குப் போன் எடுத்தார். "அவள் சொன்னவள்தானே புள்ள, சொல்லல்லயா?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. கணவர் சொல்கிறார், இதை எழுதினால் அக்கா இனி இந்த வாசலுக்கு வர மாட்டா என்று. வராவிட்டால் வராமல் இருக்கட்டும். வாசல் என்னுடையது.

இனி எனக்குத் தனியாக ஒன்றும் அனுப்ப வேண்டாம். மாமியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். தம்பியிடம் அழ வேண்டாம். வீட்டுக்குள் ஒருமுறை ஒத்துக்கொண்டீர்கள், அது கிரானில் நாலு பேருக்கு முன்னால். பொய் சொன்னது உலகத்துக்கு முன்னால். உங்கள் முதல் வகுப்புக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், கமராவைப் போட்டு, பாடம் தொடங்குவதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: அந்த பேர்ஸை வரைந்தது யார்? அதைச் சுருக்கியது யார்? வகுப்பில் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், என் சொந்தப் பெயரில், முகத்தோடு இருப்பேன். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.