ஒரு தரம்தான் கேட்டார்

1975, பெப்ரவரி. காலை எட்டு மணி.

மெல்பேர்ண் விமான நிலையத்தில் ஒரு பெட்டியோடு இறங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போது படிக்க இடம் கிடைத்திருந்தது. படுக்க இடம் கிடைத்திருக்கவில்லை. கல்லூரி நகருக்கு மேற்கே ஆறு கிலோமீற்றரில், ஃபுட்ஸ்கிரேயில். டாக்சிக்காரர் ஐந்து டொலர் வாங்கிக்கொண்டு, "இங்கே கல்லூரியா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பத்து மணி. நல்லவேளை, கல்லூரி இருந்தது. பழைய தேவாலய மண்டபம், மடக்குக் கதிரைகள், புதுப் பெயின்ற் மணம். அன்றுதான் தொடக்கம், முதல் மாணவர்கள் நாங்கள் பதினொரு பேர். அதிபர் வாட்டசாட்டமான அமெரிக்கர். அமெரிக்கா காலனியாக இருந்த நாளில் அங்கே ஒரு கல்லூரி, அதன் ஆசிரியரின் வீட்டிலேயே தொடங்கியதாம். முதல் மாணவர்கள் அங்கேயே உண்டு, உறங்கிப் படித்தார்களாம். சொல்லிவிட்டு என்னையும் என் பெட்டியையும் பார்த்தார்.

"என் வீட்டிலும் ஓர் அறை சும்மா கிடக்கிறது. வாடகை வேண்டாம். தங்குகிறீர்களா?"

துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டவுடன் பாய்ந்து விழலாமா? எங்கள் பக்கத்தில் ஒரு தேத்தண்ணீருக்கே இரண்டு தரம் மறுத்துவிட்டுத்தான் கைநீட்டுவோம். "இல்லை, உங்களுக்கு ஏன் சிரமம்" என்றேன். "சரி" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அவர் கண்ணில் படும்படி குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சிரித்தார், கேட்கவில்லை. வெளியே போய் வாடகை அறை தேடினேன். இரண்டு வீடுகளில் என் முகத்தைக் கண்டதும் அறை போய்விட்டது என்றார்கள். பெட்டியோடு எங்கே போவேன்? கல்லூரிக்கே திரும்பினேன்.

நாலு மணி. உடன் படிக்க வந்த செல்வம், மலேசியாவில் ஈப்போக்காரர், "என்னங்க, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றார். சொன்னேன்.

"ஐயோ, இந்த வெள்ளைக்காரங்க ஒரு தடவைதான் கேப்பாங்க லா! வேணாம்னா வேணாம்தான். ஓடுங்க, காரை எடுக்குறாரு!"

ஓடினேன். மூச்சு வாங்க, "சேர், காலையில் வேண்டாம் என்றேனே, அது வேண்டும் என்றுதான்" என்றேன். அவர் விழித்தார். வழக்கத்தை விளக்கினேன். மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

மாலை ஏழு மணி. வெளியே இன்னும் வெயில். அவர் வீட்டுக் குசினி மேசையில் எனக்கும் ஒரு தட்டு. "இன்னும் கொஞ்சம்?" என்றார். உண்மையிலேயே வயிறு நிறைந்திருந்தது. "வேண்டாம்" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். "வேண்டாம் சேர்." விரல்விட்டு எண்ணிக்கொண்டு மூன்றாம் தரமும் கேட்டார்.

தட்டை நீட்டினேன்.