மூன்று கை பொரி

பிள்ளைகளா, அந்த நாவலை வைத்து நீங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டை என் காதிலும் விழுந்தது. அதைப் படித்ததிலிருந்து அண்ணன் சொந்தக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று சின்னவள் புகார் சொன்னாள். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அதே புத்தகம் என்னையும் ஒரு காலத்தில் பிடித்து ஆட்டியிருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது. பத்தாவதுக்கு மேல் ஒரு வருஷம் படித்ததோடு சரி. பொன்னேரியிலிருந்து பாசஞ்சர் வண்டியில் மெட்ராசுக்குப் போய் ஓர் அச்சாபீசில் வேலை பழகினேன். அதே வண்டியில் தினம் வேலைக்குப் போன நாலு பையன்கள் நாங்கள்; கும்மிடிப்பூண்டியில் ஏறி வரும் ஒரு காலேஜ்காரன் எங்களுக்குச் சிநேகிதம். மேலட்டை கிழிந்த அந்த இங்கிலீஷ் நாவல் அவனிடம்தான் இருந்தது. தினம் நாலு பக்கம் படித்து, எங்கள் நாலு பேருக்கும் எங்கள் பேச்சிலேயே சொல்லுவான். எங்கள் வயசுப் பையன் ஒருத்தன்; வீடும் ஒட்டவில்லை, பள்ளிக்கூடமும் ஒட்டவில்லை; தனியாக ஊர் சுற்றுகிறான். பெரியவர்கள் எல்லாரும் வேஷம் போடுகிறார்கள் என்பது அவன் கட்சி. அதுவரை இந்த நோவு எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். இதைப் போய் ஒருத்தர் எழுதியிருக்கிறாரே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒரே மாசத்தில் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக் கதவோரம் நின்றோம். வேர்க்கடலைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா தம்பிங்களா, யாரு ஊட்ல சாவு?" என்றார். அவரும் வேஷம் என்று முடிவு செய்தோம்.

புத்தகம் பாதி முடிந்திருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம். காலையில் நான் ரயிலுக்கு ஓடும்போது, மறந்துபோன டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரை பின்னாலேயே ஓடி வருகிறவள் அவள்.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டியதும், கூடப் பிறந்தவன் பெண்ணின் கையில் மூன்று தடவை பொரி போட வேண்டும். அவள் அதை அக்கினியில் விடுவாள். வீட்டில் நான் ஒரே தம்பி.

அன்றைக்குக் காலையில் நைனா, அதாவது உங்கள் தாத்தா, மாப்பிள்ளையின் மாமாவைக் கட்டிப்பிடித்து, "வாங்க, வாங்க" என்று சிரித்தார். வாய்க்கால் தண்ணீருக்காக அந்த மனிதரோடு வருஷம் பூராவும் மல்லுக்கு நின்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பம்ப்செட் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

என் தாய்மாமா தேடி வந்தார். "முகூர்த்த நேரம்டா, வாடா."

"வேஷம் கட்ட நான் வரமாட்டேன்."

"வேஷமா? வேட்டி கட்டினா போதும்டா, பேஜாரு பண்ணாத!"

நான் எழுந்திருக்கவில்லை. மேளம் வேகம் எடுத்தது கேட்டது. பெரியப்பா மகன் பொரி போட்டானாம்.

மறுநாள் ரயிலில் இதைப் பெரிய வீரம் போலச் சொன்னேன். காலேஜ்காரன் புத்தகத்தை மூடிவிட்டான். "அந்தப் பையன் கதையில கீறான்டா. உங்கக்கா நெசமாவே கையை நீட்டிக்கினு நின்னுச்சே." யாரும் சிரிக்கவில்லை. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வரைக்கும் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் அக்கா மறுவீட்டுக்கு வந்தாள். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"பொரி போட்டப்ப நான் தலை நிமிரலடா. நீதான் போடறேன்னு நெனச்சிக்கினேன். நிமிந்திருந்தா அழுதிருப்பேன்."

"நைனா சிரிச்சது வேஷம்க்கா."

"வேஷம்தான். எனக்கோசரம் போட்டாரு." அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அந்தக் கதை அவ்ளோ நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும்க்கா."

"அடுத்த தபா வரப்போ எனக்கும் சொல்லுடா."

புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை, பிள்ளைகளா. மீதிக் கதையை நானும் ஆசையாகத்தான் கேட்டேன். அக்காவுக்கும் சொன்னேன், என்னைவிட அவள் நன்றாகப் புரிந்துகொண்டாள்.

அக்கா மறுவீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் எல்லாரும் அவளையும் மாப்பிள்ளையையும் பஸ் ஏற்றிவிடப் போனார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கல்யாணப் பொரி மிச்சம் தகர டப்பாவில் இருந்தது. அடுப்பில் தணல் இன்னும் அணையவில்லை. அக்காவின் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் இடது கையை ஏந்தி, வலது கையால் பொரியை அள்ளி அதில் போட்டேன். தணலில் கவிழ்த்தேன். மூன்று தடவை.