துண்டைத் தூக்கினால் இறங்கிவிட வேண்டும்

சர்க்கரை ஏறிவிட்டது, நடக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியதால் காலையில் நடக்கிறேன். ஒரு சுற்று நடந்தால் இரண்டு சுற்று நேரத்துக்கு உட்காருவது என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். போன வாரம் மயிலாப்பூர்ப் பூங்காவில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் வேட்டியை வழித்துக்கொண்டு முழங்காலில் கறுப்புத் தைலத்தை அழுத்தித் தேய்த்தார். எதிரே புல்லில் நாலு பையன்கள், ஓடி முடித்து வேர்த்துப்போய், உலகத்திலேயே பெரிய விளையாட்டு வீரர் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தைல வாடையும் அந்தச் சண்டையும் ஒன்றாகச் சேர்ந்தால் என் மனசு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து நடக்கலாமா என்று பார்த்தேன். கால் கேட்கவில்லை.

ஒருவன் கால்பந்துக்காரர் என்றான், இன்னொருவன் டென்னிஸ்காரர் என்றான். அப்படி எல்லாக் காலத்துக்கும் பெரியவராக இருப்பவரை இப்போது ஆடு என்கிறார்களாம். இங்கிலீஷில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆடு என்று வருமாம். போனில் ஆட்டுப் படம் போட்டு அனுப்பிக்கொள்கிறார்கள். எங்கள் நாளில் ஆடு சைதாப்பேட்டை மார்க்கெட்டில் தோலுரித்துத் தொங்கும். யோசித்துப் பார்த்தால் ஓடுகிறவர்களுக்கு அது ஒன்றும் பொருந்தாத பெயர் இல்லை.

நானும் ஓடியவள்தான். ஆயிரத்து ஐநூறு மீட்டர். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் இதை நம்புவதில்லை. அப்போது நான் ஓடியதைப் பார்த்தவர்களும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். நந்தனத்துப் பக்கம் ஒரு மைதானம். கரித்தூள் போட்ட ஓடுபாதை, சுண்ணாம்பால் போட்ட கோடுகள், ஒரு ஓரத்தில் வெயிலில் காய்ந்து கிடக்கும் கல்படிகள். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை ஊறவைத்த கொண்டைக்கடலையும் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள். நான் தின்றுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு காலிலும் தைலத்தை அப்பிக்கொள்வேன். தைல வாடையில் முட்டை வாடை அமுங்கிவிடும். "இந்த நாத்தத்தோட ஆத்துக்குள்ள வராதே" என்று அம்மா வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். பாவம், எந்த நாற்றத்துக்குக் கோபப்பட வேண்டும் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கல்படிகளில்தான் எங்கள் சண்டை நடக்கும். சைதாப்பேட்டை சேகர் என்று நீளம் தாண்டுகிறவன் ஒருவன் இருந்தான். தாண்டுவதைவிடப் பேசுவதில் தூரம் போவான். அவனுக்கு எப்போதும் ஒரு குத்துச்சண்டை வீரர். "அட்ச்சாலும் சரி, வாங்கினாலும் சரி, நின்னான் பாரு மச்சி, அவன்தான் ஆளு" என்பான். ஈட்டி எறிகிறவர்கள் ஈட்டிக்காரரைச் சொல்வார்கள், நூறு மீட்டர்க்காரர்கள் நூறு மீட்டரைச் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெண் பெயர் ஒன்று வந்தால் 'பொம்பளைங்கள்ல' என்று ஒரு ஒட்டுப் போட்டுத்தான் வரும். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கிரிக்கெட்காரர் பெயரை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஊர் முழுக்க அவர்களைத்தான் கும்பிடுகிறது, இந்தப் படியிலாவது வேண்டாம் என்று வைத்த சட்டம். வாய் தவறிச் சொன்னவர் அன்றைய முட்டை இரண்டையும் படியில் வைத்துவிட வேண்டும். முந்திக்கொண்டவருக்கு அது.

ஒருநாளும் முட்டையை இழக்காதவள் ரமீசா. காரணம், அவள் யார் பெயரையும் சொன்னதே இல்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அவள் அப்பா அங்கே ஒரு சந்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடை வைத்திருந்தார். உயரமாக, ஒடிசலாக, ஓடும்போது தோள் அசையாமல் போவாள். என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு எங்கள் சத்தத்தைக் கேட்பாள். ரொம்ப வற்புறுத்திக் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வாள்.

"கோட்ட தாண்டினவங்கதான் மாமி ஆளு. நடுவுல எறங்கினவங்களுக்கு இன்னா பேரு கீது?"

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு எங்கள் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியாளரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. பெண்கள் ஆயிரத்து ஐநூறில் அவர் ஜெயிக்க வைக்க நினைத்தது எங்களோடு ஓடிய கல்பனாவை. கல்பனா கடைசிச் சுற்றில் வேகம் எடுப்பாள், ஆனால் முதலிலிருந்து தானாகப் போக அவளுக்குத் தைரியம் வராது. முன்னால் ஒரு முதுகு வேண்டும். அந்த முதுகு ரமீசா. ஆரம்பத்திலிருந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவது அவள் வேலை. நாங்கள் இன்ஜின் என்போம். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன், மைதானத்துக்குள்ளே ஒரே இடத்தில் நின்றுகொண்டு மாஸ்டர் துண்டைத் தூக்குவார். தூக்கினால் அவள் இடது பக்கம் புல்லில் இறங்கிவிட வேண்டும். பயிற்சியிலும் அப்படி, போட்டியிலும் அப்படி. இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, மற்றவர்கள் முடிப்பதைப் பார்ப்பாள்.

டீம், டீம் என்பார் மாஸ்டர். தனித்தனியாக ஓடுகிற ஓட்டத்தில் டீம் எங்கிருந்து வந்தது? கேட்கிறவர்கள் யாருமில்லை. அடுத்த வருஷம் உனக்கு என்று அவளிடம் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அடுத்தவள் காலை எடுத்துத் தாராளமாகப் பரிமாறினார் மனுஷன்.

மாநிலப் போட்டியில் முதலாவதாக வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருந்தது. எங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் ஓடினோம், பதக்கத்தைக் காய்ச்சியா குடிக்க முடியும்? ரமீசாவின் அப்பா மோசமானவர் இல்லை. சந்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியும் அத்தனை வருஷம் அவளை அனுப்பியவர். ஆனால் அந்த வருஷம் ஒரு மாப்பிள்ளை வீடு வந்துவிட்டது. வேலை கிடைத்தால் உன் இஷ்டம், கிடைக்காவிட்டால் என் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்றைக்கு அவள் கடலையைத் தொடவில்லை.

மறுநாள் எல்லோரும் நிற்கும்போது மாஸ்டரிடம் போனாள். "இந்த வாட்டி எனக்காக ஓடறேன் மாஸ்டர்" என்றாள். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சரிம்மா. இந்த வருஷம் துண்டு கெடையாது. கடைசி வரைக்கும் போ" என்றார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். கல்பனாவும் கேட்டாள். ரமீசா அன்று படியில் உட்கார்ந்து எங்களுடைய சண்டையில் முதல்முறையாகக் கலந்துகொண்டாள். சேகரின் குத்துச்சண்டை வீரரைத் துவைத்துக் காயப்போட்டாள்.

போட்டி பிற்பகலில். வெயில் உச்சியைப் பிளந்தது, அதை நான் மறுக்கவில்லை. ரமீசா புறப்பட்டதிலிருந்து முன்னால் போனாள். அவளுக்கும் கல்பனாவுக்கும் நடுவே ஒரு பஸ் நிற்கிற இடைவெளி. கல்பனாவுக்குப் பின்னால் இரண்டு பேர், அதற்குப் பின்னால் நான். பின்னாலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி, எல்லாம் தெரியும். அவள் தோள் அசையவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள் என்றே நான் நினைத்தேன். மூச்சு வாங்குகிற எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மணி அடிப்பதற்கு முன் வருகிற வளைவு. மாஸ்டர் அதே இடத்தில் நின்றார். துண்டு மேலே போனது. அவர் முகத்தைத் துடைத்தார்.

ரமீசா இடது பக்கம் புல்லில் இறங்கினாள்.

அவள் யோசித்து இறங்கவில்லை. செக்குமாட்டுக்குப் பழகியதுபோல காலுக்குப் பழகிவிட்டது, கால் போய்விட்டது. இடுப்பில் கைகூட வைத்துவிட்டாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது. திரும்பிப் பாதையில் ஏறப் பார்த்தாள், அங்கே நின்ற நடுவர் கையை நீட்டித் தடுத்தார். பாதையை விட்டு இறங்கினால் அவ்வளவுதான். மணி அடித்தது. கல்பனா போனாள், மற்ற இரண்டு பேரும் போனார்கள், நானும் போனேன். என் ஆயுசில் ரமீசாவைத் தாண்டி ஓடியது அந்த ஒரு முறைதான்.

முடித்துவிட்டு நான் தள்ளாடிக்கொண்டு போனபோது அவள் மாஸ்டர் எதிரில் நின்றிருந்தாள். அழவில்லை. "துண்ட தூக்கினீங்களே மாஸ்டர்" என்றாள். ஒரு சந்தேகம் கேட்கிற குரல்.

"வேர்த்துச்சு, தொடச்சேன். துண்டு கெடையாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேனே. நீ ஏம்மா எறங்கின?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தால் உடம்பு எரிகிறது. வேர்த்ததாம். மைதானம் அவ்வளவு பெரிது, அந்த ஒரே இடத்தில்தான் அவருக்கு வேர்க்க வேண்டுமா? சட்டைக் கையில் துடைத்துக்கொள்ள முடியாதா? வேண்டுமென்றே செய்தார் என்று சேகர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னான். இல்லை, நிஜமாகவே வேர்த்தது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்கூட ஒரு நிம்மதி, திட்டித் தீர்த்திருக்கலாம். வேண்டுமென்றே தூக்கியிருந்தால் அவர் ஒருநாள் பாவி. நிஜமாகவே துடைத்திருந்தால்? ஒருத்தியைத் துண்டைக் கண்டதும் இறங்குகிறவளாகப் பழக்கி வைத்தாரே, அந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் கணக்கு? பின்னாளில் ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கல்பனாவுக்கு வேலை கிடைத்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் வீட்டிலும் கஷ்டம் இருந்தது. இனிப்பு கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

போட்டிக்கு அடுத்த வாரம் ரமீசா ஒருநாள் மைதானத்துக்கு வந்தாள். ஓடவில்லை, சுடிதாரோடு வந்து படியில் உட்கார்ந்தாள். முட்டை கொடுக்கிற அம்மா வழக்கம்போல அவளுக்கும் இரண்டு கொடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் சேகர் தன் குத்துச்சண்டை வீரரை மறுபடி இழுத்து வந்தான். யாரோ ஒப்புக்கு மறுத்தார்கள். ரமீசா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, தெளிவாக, ஒரு கிரிக்கெட்காரர் பெயரைச் சொன்னாள்.

அவள் இரண்டு முட்டையையும் படியில் வைத்தாள். "வர்றேன் மாமி" என்று என் தோளைத் தட்டிவிட்டு மவுண்ட் ரோடு பக்கம் நடந்து போனாள். முந்திக்கொள்ள யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் காக்கைகள்தான் கொத்திக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அந்தப் படியில் யார் பெரியவர் என்ற சண்டை நடக்கவில்லை.

நிக்காஹ் ஆகி வெளியூர் போனாள் என்றார்கள். ஒரு முறை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்த் தேடினேன். அந்தச் சந்தில் காயில் கடை இருந்த இடத்தில் வேறு எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "அவங்க எப்பவோ காலி பண்ணிக்கினு போய்ட்டாங்கம்மா" என்று ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

பூங்காவில் அந்தப் பையன்கள் சண்டை தீராமல் கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க, யாரு?" என்றான் ஒருவன், விளையாட்டாக. ரமீசா என்று சொல்லிவிட்டேன். அவன் மரியாதையான பையன், உடனே போனில் தட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அப்படி யாரும் வரலையே ஆன்ட்டி, எத்தன மெடல்?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம் எப்படி என்று அவன் கேட்டான், கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. அவனை என்ன குற்றம் சொல்வது? கோட்டைத் தாண்டினவர்கள்தான் ஆள் என்று அவளே அல்லவா அவன் பக்கம் சாட்சி சொல்லிவைத்துவிட்டுப் போனாள். பெரியவர் தைல டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். நானும் எழுந்தேன்.

நந்தனத்தில் இப்போது கரித்தூள் பாதை இல்லை. சிவப்பாக ரப்பர் போட்டு, அழியாத பெயின்ட்டில் கோடு இழுத்திருக்கிறார்கள். கல்படியும் இல்லை, முட்டை கொடுக்கிற அம்மாவும் இல்லை. ரமீசா தாண்டாத கோடு வெறும் சுண்ணாம்பு. அந்த வருஷத்து முதல் மழைக்கே அது கரைந்து போயிருக்கும்.