ஏறும்போது வலது கை, இறங்கும்போது இடது கை

சந்திராதேவியின் பெட்டிக்குள் பாதி மனிதன் இருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. ஊரடங்கும் முள்கம்பி வேலியுமாக நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ரெம்பியாவுக்குப் பக்கத்தில் கல்லுமலை ரப்பர்த் தோட்டம். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவளை வாசல் சாவடியில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜு நிறுத்தி, மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னான். வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்து ஆயுதத்தோடு காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக்கூடாது என்பது அவனுக்கு வந்திருந்த உத்தரவு. துணியை விலக்கினான். மண்டையோட்டை அவன் பார்த்தான், மண்டையோடும் அவனைப் பார்த்தது. முதலில் கண்ணைத் தாழ்த்தியது மண்டையோடு இல்லை.

"இது என்னா, சின்னம்மா?"

"எலும்பு. படிக்கிறதுக்கு. நான் டாக்குத்தருக்கெல்லோ படிக்கிறன்."

தங்கராஜு கைபடாமல் துப்பாக்கி முனையால் கிளறி எண்ணினான். ஒரு கை. ஒரு கால். ஒரு பக்கத்து விலா.

"பாதி ஆளுதான் இருக்கான். மீதிப் பாதி எங்க?"

"சிங்கப்பூரிலை. கோமளாவிட்டை."

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. ஓர் எலும்புக்கூட்டை இரண்டு மாணவிகள் கூட்டுச் சேர்ந்து வாங்கிப் பங்குபோட்டிருந்தார்கள். மண்டையும் வலது பாதியும் சந்திராவுக்கு, முதுகெலும்பும் இடது பாதியும் அறைத்தோழி கோமளாவுக்கு. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் சொல்வதற்கு அது அவ்வளவு பொருத்தமான விளக்கம் இல்லை. பெட்டி போலீசாருக்குப் போயிற்று. கைக்கு வந்த ரசீதில், 'ஆள் பாதி, பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. மேலிடத்துப் பதில் வரும்வரை பெட்டி வராது.

பரீட்சைக்கு இருந்ததோ ஐந்து வாரம். மார்ச் மாதம் உடற்கூறு பாடத்தில் அவள் தேறவில்லை. செப்டம்பரில் இரண்டாவது வாய்ப்பு. அதிலும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரெஸர் இராஜரட்ணம், அவளுடைய தகப்பனார், யாழ்ப்பாணத்து மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பத்தாள் ஒன்றை வாங்கி மேசையில் வைத்திருந்தார். மைக்கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்ததோடு சரி. சந்திரா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

அந்த வாரம்தான் கட்டை விரலை உளியில் அறுத்துக்கொண்டு ராமாத்தாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வேலை. வயது இருபத்தெட்டு. எழுத்து தெரியாது. புருஷன் மருதமுத்துவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். போனவர்களில் சிலர் வந்தார்கள், சிலருடைய சாவுச் செய்தி வந்தது. மருதமுத்து விஷயத்தில் இரண்டும் வரவில்லை. அவளுக்கென்று இருந்தது மலைச்சரிவில் ஒரு நிரை, முந்நூற்றெண்பது மரம். ஊரடங்கு வருவதற்கு முன்பு, விடியுமுன்னே நெற்றி விளக்கோடு வெட்டப் போகிற நாளில், ஒருமுறை விளக்கு அணைந்துபோய், அத்தனை மரத்தையும் தடவித் தடவியே வெட்டி முடித்தாளாம். ஒரு மரத்திலும் காயம் இல்லை. துரை நம்பவில்லை. மறுநாள் தாமே வந்து அவள் கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தார், ஐம்பதாவது மரத்தில் தாம் வழிதவறி, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார் என்பார்கள்.

விரலுக்குக் கட்டுப் போட்டபடியே சந்திரா மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்தாள். ஸ்கேஃபாய்ட், லூனேட், டிரைக்வீட்ரல். அங்கேயே நின்றுபோயிற்று.

"யாரைத் திட்டுறீங்க, சின்னம்மா?"

"ஒருத்தரையும் இல்லை. எலும்பின்ரை பேர். இருநூற்றாறு இருக்கு. ஒண்டை நினைச்சா மற்றது போகுது."

"இருநூத்தி ஆறெல்லாம் ஒரு கணக்கா. எனக்கு முந்நூத்தி எம்பது மரம்."

"மரமெல்லாம் ஒண்டுதானே."

ராமாத்தாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கூனன், அழுவாச்சி, ரெட்டைமண்டை, புள்ளைத்தாச்சி. எது ஒண்ணு? நீங்க எலும்பெல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டி வச்சிருக்கீங்க, சின்னம்மா. அது எப்படி நிக்கும்? நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணாமா?"

மறுநாள் காலை ஊரடங்கு விலகியதும் டிரெஸர் மகள் நிரைக்குப் போனாள். ஸ்டாப் என்கிற உத்தியோகக்காரர் வீட்டுப் பெண் பால்மரக் காட்டுக்குப் போகிற வழக்கம் அதுவரை கிடையாது. தங்கராஜு இருவரையும் சோதித்தான். காட்டுக்குள் பசியாற எதுவும் கொண்டுபோகக் கூடாது. சந்திராவின் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். உதிர்ந்தது ஒரு கண்ணீர்க் கறை படிந்த காகிதம் மட்டும்தான்.

மரத்துக்கு ஒரு எலும்பு. ஏறும்போது வலது பக்கம், அறுபத்து மூன்று மரம். உச்சியில் தலை, முதுகு, விலா என்று எண்பது. இறங்கும்போது இடது பக்கம், மறுபடியும் அறுபத்து மூன்று. சந்திரா படத்தைக் காட்டி வடிவத்தைச் சொல்லுவாள், ராமாத்தாள் மரத்தைக் காட்டுவாள். படகு மாதிரி எலும்புக்கு, அடியில் குழிவிழுந்த மரம். லூனேட் என்கிற பிறை எலும்புக்கு, பட்டையில் பிறைத் தழும்பு உள்ள மரம், அது இருபத்தொன்றாவது. ஒரு காதுக்குள் இருக்கிற மூன்று குட்டி எலும்புக்கு, பட்டுப்போன மரங்களின் இடத்தில் வைத்த மூன்று இளங்கன்று. கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. நம்பாதவர்கள் ரெம்பியா பஸ்ஸில் ஏறிப் போய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து நாளில் இருநூற்றாறும் ராமாத்தாளுக்கு மனப்பாடம். சந்திராவுக்கு நூற்று நாற்பது. ராமாத்தாள் லத்தீன் பெயரைச் சாமி பெயர் சொல்வதுபோல நிறுத்தி, சுத்தமாகச் சொன்னாள். மங்குக் கிண்ணத்தில் பாலைச் சொட்டவிட்டுத் திரும்பி, "இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க யாரு யாரு?" என்று கேட்பாள். எந்த எலும்பு எந்த எலும்பைத் தொடுகிறது என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். கல்லூரியில் ஒரு வருடம் சொல்லியும் சந்திராவுக்குப் புரியாத அது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்தபோது காலுக்குப் புரிந்தது. இத்தனை பெரிய கட்டடத்தையா நாம் உடுத்திக்கொண்டு திரிகிறோம் என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீதி நூத்தி எழுவத்தி நாலு மரம் சும்மா நிக்குதே" என்றாள் ராமாத்தாள். அதில் தசைகளை நிறுத்தினார்கள்.

வீட்டில் ஒருநாள் சந்திரா, "அக்கா பாத்துக்கொண்டு நிப்பா" என்று கிளம்பினாள்.

இராஜரட்ணம் பேப்பரை இறக்கினார். "ஆரை அக்கா எண்டு சொல்லுறாய்?"

"இருநூற்றாறும் தெரிஞ்ச மனுசியை."

அன்று மாலையே விரல் கட்டைப் பிரிக்கிற சாக்கில் அவர் ராமாத்தாளைச் சோதித்தார். இருபது வருட டிரெஸர். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள், "கன்னத்து எலும்புக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எத்தனை பேரு, ஐயா?"

"மூண்டு."

"நாலுங்க. நெத்திப்பொட்டுக்கு உள்ளார ஒருத்தரு ஒளிஞ்சிருக்காரு."

அவர் உள்ளே போய் நெடுநேரம் புத்தகம் பார்த்தார். வெளியே வந்து மைக்கூட்டை அலமாரியில் வைத்தார். விண்ணப்பத்தாள் மடிந்து சட்டைப்பைக்குள் போயிற்று. கிழிக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் இரவோடு இரவாக வந்து போயிருந்தார்கள். துரைமார்களுக்கு நட்டம் வரட்டும் என்று பால்மரங்களைப் பாராங் என்னும் வெட்டுக்கத்தியால் கொத்திப் போடுவது அப்போது நடந்துகொண்டிருந்தது. ராமாத்தாளின் நிரையில், வேலியோரத்திலிருந்து, முதல் மரம் தொடங்கிப் பட்டையை வெட்டிக் கிழித்திருந்தார்கள். இருபத்தாறு இல்லை, இருபத்தெட்டு இல்லை, சரியாக இருபத்தேழு மரம். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. அதோடு கை முடிகிறது.

"வலது கை போச்சு, சின்னம்மா" என்றாள் ராமாத்தாள். அவள் குரல் அப்படிக் கம்மிப்போய் யாரும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. இருந்தது அந்த ஒரு நாள். சந்திரா அழவில்லை. களிமண்ணைக் குழைத்தாள், சாக்குத்துணியைக் கிழித்தாள். முதல் மரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, பிய்ந்த பட்டையை ஓரம் ஓரமாகச் சேர்த்து, மண் அப்பி, கட்டினாள். பிறகு இரண்டாவது. பால் வழிந்து முழங்கைவரை வெள்ளையாகிக் காய்ந்தது. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டே கட்டினாள். இருபத்தேழாவதைக் கட்டி முடிக்கையில் வெயில் சாய்ந்திருந்தது. அவ்வளவு நேரமும் ராமாத்தாள் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கை வைத்தியம் பாக்குற டாக்டரா போங்க, சின்னம்மா."

"கைக்கெண்டு தனி டாக்குத்தர் இல்லையக்கா."

"அப்ப நீங்கதான் மொத ஆளு."

சிங்கப்பூரில் வாய்மொழிப் பரீட்சை. நரைத்த தலை வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே கையைவிட்டு, பார்க்காமல், எலும்பைச் சொல்ல வேண்டும். பட்டாணியைவிடச் சற்றுப் பெரியதாக ஏதோ விரலில் பட்டது. மனம் வெறுமையாகிவிட்டது. ஒரு பெயர்கூட இல்லை. மைக்கூடு மட்டும் கண்ணில் தெரிந்தது. கண்ணை மூடினாள். பெருவிரல் தானாக நகர்ந்து எலும்பின் குழிவில் போய் அமர்ந்தது. பிறைத் தழும்பு. அதற்குக் குறுக்கே கத்தி வெட்டு. தன் கையாலேயே மண் அப்பிய மரம்.

"லூனேட், சார். வலது கை."

"வலது என்று எப்படித் தெரியும்?"

பொருந்தும் முகங்களைச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு. "மலை ஏறும்போது வருவது, சார்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். நிரை, கூனன், அழுவாச்சி, வெட்டுப்பட்ட இருபத்தேழு. அவர் பேனாவை மறுபடி எடுத்து, "நூற்றுப் பத்தாவது மரம்?" என்றார். சொன்னாள். "அதன் அயலார்?" சொன்னாள். முப்பத்தேழு மரம் கேட்டார். கால் தவறவில்லை. கடைசியில், ராமாத்தாளின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். அவள் தேறினாள்.

ஊர் திரும்பியபோது போலீசிலிருந்து பெட்டியும் வந்திருந்தது. தங்கராஜுவே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ராமாத்தாள் கைகழுவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இருநூற்றாறையும் நெஞ்சில் வைத்திருந்தவள், அதில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பெயர் சொன்னாள். மேற்கை எலும்பில் வந்து விரல் நின்றது.

"இந்த மேட்டைப் பாருங்க. தசை புடிச்ச எடம். நல்லா வேலை செஞ்ச கை. மம்புட்டியோ, உளியோ." இன்னும் கொஞ்சம் தடவினாள். "எங்க வீட்டுக்காரரு நொட்டாங்கை. இவரு வலதுகை. இவரு அவரு இல்ல."

இந்த எலும்பு யாருடையது என்று ஒரு வருடமாகத் தான் ஒருதடவைகூட நினைத்ததில்லை என்பது சந்திராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரு வீட்டுக்காரரோ" என்றாள் ராமாத்தாள். "மீதிப் பாதி எங்க, சின்னம்மா?"

அன்றே கடிதம் போயிற்று. டிசம்பர் விடுமுறையில் கோமளா பெட்டியோடு வந்து இறங்கினாள். அதுதான் தொடக்கம். பின்னால் வருடா வருடம் மாணவர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். தேறாதவர்கள் தேறினார்கள், தேறியவர்கள் என்ன டாக்டர் ஆவது என்று கேட்டார்கள். ராமாத்தாள் அவர்களை நிரையில் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்லுவாள். முன்னால் ஓடி வழி பார்க்கிறவனை அறுவைக்கு அனுப்பினாள். மூன்று இளங்கன்றையும் மிதிக்காமல் சுற்றிப்போன கோமளா குழந்தை வைத்தியத்துக்குப் போனாள். ஓயாமல் பேசியவனிடம், "தூங்கவைக்கிற டாக்டர் இருக்காங்களாமே, அதுக்குப் போங்க, தம்பி" என்றாள். அவள் சொன்ன ஒன்றும் பொய்க்கவில்லை. சந்திராதேவியை, விரல் முறிந்தவர்களும் கை நசுங்கியவர்களும் எந்தெந்த ஊரிலிருந்தோ தேடி வந்தார்கள்.

அதெல்லாம் பிறகு. அந்த டிசம்பரில், கோமளாவின் பெட்டியைத் தங்கராஜு சோதிக்கவில்லை. "மீதிப் பாதி வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டுத் தானே முன்னால் நடந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, ராமாத்தாள் அடுக்கினாள். பாதத்திலிருந்து தொடங்கி, வலது, இடது, முதுகு, விலா என்று, கடைசியாகத் தலை. ஆள் நல்ல உயரம். கட்டிலை நிறைத்துக்கொண்டு படுத்திருந்தார். தங்கராஜு தொப்பியைக் கழற்றினான்.

இராஜரட்ணம் சட்டைப்பையிலிருந்து போலீஸ் ரசீதை எடுத்தார். 'பாதி' என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'ஒன்று' என்று எழுதினார். பெயர் தெரியவில்லை என்பதை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.