பாடத்தின் நடுவில் ஒரு பாட்டு

பள்ளிக்கூட வேலையிலிருந்து இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஊழியத்துக்குப் போகிறோம் என்றதும் மகன் சிரித்தான். ஏதோ கடல் கடந்த தீவு என்று நினைத்துவிட்டான். மிஷன் எங்களை அனுப்பியது கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு. திருநெல்வேலியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எறணாகுளம், இவ்வளவுதான் எங்கள் வெளிநாடு.

ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் வகுப்பு. கிடங்கில் சுக்குப் பொறுக்கும் பெண்களும் ஓட்டல் வேலைக்காரர்களும், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சாயங்காலம் பிள்ளைகளோடு வருவார்கள். பிள்ளைகளுக்கு மலையாளம்தான் கைவரும். அவர்களுக்கு நான் தமிழ் எழுத்து. பெரியவர்களுக்கு என் வீட்டுக்காரர் வேதபாடம். பாதிப் பேர் பாடத்துக்கு வந்தார்கள், மீதிப் பேர் மின்விசிறிக்கு வந்தார்கள் என்று நான் சொல்வேன். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. நன்றாகக் கதை சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். சாக்பீஸைப் பிடித்த கை அப்படியே இருந்தது. கண் என்னைத் தேடியது. அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. சட்டென்று ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்துவிட்டேன். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். பாடி முடிப்பதற்குள் நான் பக்கத்தில் போய், விட்ட இடத்தைக் காதில் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் தடுமாறினால் நான் பாடுவேன். இதைப் பற்றி வீட்டில் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வகுப்புக்கு வருகிறவர்களோ இதுதான் இவருடைய பாணி என்று நினைத்துக்கொண்டார்கள்.

“ஐயாவோட பாட்டுப் பாடம் நல்ல ரசமா இருக்கு கேட்டோ டீச்சரே,” என்றாள் சுக்குப் பொறுக்கும் ஒருத்தி, பாதி மலையாளத்தில். டாக்டரிடம் போகலாம் என்றால், மழை விடட்டும் என்பார். அந்த ஊரில் மழை எப்போது விட்டது? எரிச்சலில் மீன்காரச் சேட்டனிடம் சண்டை போட்டுவிட்டு வருவேன். வகுப்பும் இல்லையென்றால் இவர் உடைந்துபோவார் என்பதுதான் என் பயமெல்லாம்.

ஒருநாள் மிஷன் அலுவலகத்திலிருந்து செயலர் வந்தார். எங்களை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்பது அவர் கையில். என் மகனைவிடச் சின்ன வயது. கடைசி வரிசையில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பாடம் நன்றாகத்தான் போனது. பாதியில் இவர் நின்றார். சாக்பீஸைக் கீழே வைத்தார். செயலரையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. உரக்கப் பாடினேன், அதுவரை பாடாத அளவுக்கு. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். செயலரும் கைதட்டினார்.

முடிந்ததும் செயலருக்கு மனம் நிறைந்துபோயிருந்தது. “அம்மா, இந்தப் பாட்டு முறைய மத்த ஊழியர்களுக்கும் நீங்க சொல்லிக்கொடுக்கணும். இன்னொரு வருஷம் நீங்க ரெண்டு பேரும் இங்கதான்,” என்று சொல்லிவிட்டு, வைட்டிலாவில் பஸ் பிடிக்க ஆட்டோ ஏறினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

“எனக்கு எல்லாம் மறந்துபோகுதுன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லணும்னு இருந்தேன்,” என்றார்.

“அப்ப சொல்லியிருக்க வேண்டியதுதான.”

“சொல்லத்தான சாக்பீஸைக் கீழ வச்சேன். பாடத்துல ஒண்ணும் மறக்கல இன்னைக்கு. நீ பாட ஆரம்பிச்சிட்ட.”

ஆறிப்போன காப்பியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“எத்தனை நாளா தைரியத்தைச் சேத்து வச்சிருந்தேன் தெரியுமா,” என்றார். “எல்லாருக்கும் முன்னால முழிச்சிக்கிட்டு நிக்க முடியலட்டி. நாளைக்கு எந்திரிச்சா இந்தத் தைரியம் இருக்குமோ, இதுவே மறந்துபோகுமோ.”

அவர் உடைந்துபோவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஏற்கெனவே உடைந்து, என் பாட்டுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. செயலரின் நம்பரைப் போட்டேன். “அம்மா, பஸ் இன்னும் எடுக்கலை, சொல்லுங்க,” என்றார். போனை இவர் கையில் கொடுத்தேன்.

“தம்பி, நான்தான் பேசுதேன்,” என்று தொடங்கினார். “ஒரு விஷயம்…” அப்புறம் நின்றுவிட்டார். கண் பழையபடி என்னைத் தேடியது. அந்தப் பக்கம் செயலர் ஹலோ ஹலோ என்பது எனக்கும் கேட்டது.

பல்லவி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.