மெழுகு வைத்த மூன்று குழாய்கள்

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியவரிடம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூனில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில், அந்த விளக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். அங்கே தலைமை எழுத்தராக இருந்தேன்.

எங்கள் ஆய்வாளருக்குத் தாய் தமிழ், தகப்பன் பர்மியர். எல்லோருக்கும் அவர் 'சயா', பர்மிய மொழியில் ஆசிரியர். மாட்டின் இரைப்பையில் வைக்கோலைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர் ஒன்றை, அதுவரை யாரும் எழுதிவைக்காத ஒன்றை, இரண்டு வருடம் பாடுபட்டுப் பிரித்தெடுத்திருந்தார். கட்டுரை லண்டனுக்குப் போய்விட்டது. உயிருள்ள மாதிரி வந்தால்தான் புதியது என்று ஏற்போம் என்றார்கள். அந்த மாதிரி, மெழுகு வைத்து மூடிய மூன்று கண்ணாடிக் குழாய்களில் இருந்தது.

சயா மாந்தலே போயிருந்த வாரம் வருடாந்தர இருப்புச் சோதனை வந்தது. திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா நான்? மூன்றையும் திறந்தேன், மோந்து பார்த்தேன், 'உள்ளது' என்று பதிந்தேன், பஞ்சை அடைத்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் பஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "ரைட்டரே, இதுக்குக் காத்து ஆகாது. செத்துப்போயிரும்." ஒரு வாரம் முயன்று பார்த்தார். எதுவும் வளரவில்லை.

"நடந்ததை எழுதிக் கொடுத்துடறேன், சயா" என்றேன்.

"எழுதினா உயிர் வந்துருமா? நாளைக்கு என்கூட த்வாண்டேக்கு வாங்க. பழைய வேட்டியாக் கட்டிக்கிட்டு வாங்க."

முதல் மாதிரி கிடைத்தது, ஆற்றுக்கு அக்கரையில் அந்த ஊரிலிருந்த ஒரு பசுவிடம். அதை வளர்த்த அம்மாள், "மாடு மெல்றதைப் புடுங்கவா ரெண்டு பெரிய மனுசங்க படகேறி வந்தீங்க?" என்று சிரித்தார்.

அசைபோடுகிற பசுவின் வாயை நான் பிடித்துக்கொண்டேன். சயா நாக்கை ஒதுக்கி, இரைப்பையிலிருந்து வாய்க்குத் திரும்பி வந்த கவளத்தை எடுத்துக் குழாயில் திணித்தார். என் தோளெல்லாம் எச்சில். "நல்லாப் புடிங்க. அதுக்கு உங்க உத்தியோகம் தெரியாது" என்றார்.

ஐந்து முறை போனோம். ஐந்தாவதில் அது வளர்ந்தது. நுண்ணோக்கியில் முதலில் எனக்குத்தான் காட்டினார். ஏதோ குச்சி குச்சியாகத் தெரிந்தது. கண் கலங்கியதால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. குழாய்க்கு மெழுகு வைக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார். குழாய் கப்பலேறியது.

ஒரு விதியும் மீறாமலே ஒருவரின் இரண்டு வருட உழைப்பைக் கொல்ல முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சயா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மாதிரி உயிரோடு வந்தது, புதியதுதான் என்று லண்டனிலிருந்து பதில் வந்தது தீபாவளிக்கு மறுநாள். எனக்கு இன்றும் தீபாவளி அந்த மறுநாள்தான்.