அண்ணாந்து பார்த்த கழுத்துகள்

கழுத்து வைத்தியம் நடக்கிற இடத்தில் முதலில் தலை வலிப்பது டோக்கன் கொடுக்கிறவனுக்குத்தான்.

போர்டில் ‘கைரோபிராக்டிக் கழுத்துப் பராமரிப்பு’ என்று எழுதியிருக்கிறது. ஒரகடத்தில் அதை யாரும் முழுசாக வாசித்ததில்லை. ‘நெட்டி கிளினிக்’ என்பார்கள். மாடியில் இரண்டு அறை. உள்ளே டாக்டரம்மா. வெளியே நான், ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, கூரையை ஒட்டி மாட்டிய டிவி. ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் ஸ்பானர் எண்ணிக் கொடுத்தவன் நான். இப்போது ஆள் எண்ணுகிறேன். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. உங்களுக்கும் இருக்கும், இல்லாவிட்டால் இதைப் படிக்க உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே பாதி மண்டையில் விழும் சுத்தியலை விவரிக்கப் போவதில்லை. தெரிந்ததுதானே.

சத்தம் வரவில்லை

பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். நிலம் விற்றவர், கழுத்தில் சங்கிலி தடிமன். போனில் வீடியோ பார்த்திருக்கிறார். எவனோ ஒருவன் துண்டைப் போட்டுக் கழுத்தை இழுக்கிறான், தேங்காய் உடைகிற சத்தம் வருகிறது, படுத்திருந்தவன் அழுதுகொண்டே எழுந்து நடக்கிறான். இவருக்கும் அதே வேண்டும். படம் பிடிக்க மச்சானையும் கூட்டிவந்திருந்தார்.

டாக்டரம்மா அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் வலி, கண் மங்குகிறதா, கை மரத்துப்போகிறதா, பிரஷர் உண்டா. பிறகு கழுத்தை விரலால் மெல்ல அழுத்தினார், கொஞ்சம் அசைத்தார், இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். மச்சான் போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றான். வெளியே வந்தவர் என் மேஜையைத் தட்டினார். “சலூன்ல முடி வெட்டிக்கினா கடைசில கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பி சும்மாவே நெட்டி எட்த்து வுடுறான். இங்க ஒரு சத்தங்கூட கேக்கல, இன்னா வைத்தியம் இது?”

சரக்கு

பேச்சியம்மாளுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். பென்னலூரில் ஆறு பெண்களோடு ஓர் அறை. செல்போனுக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் டிரெயினி. யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படியேறி வந்தாள். வந்ததும் டிவியை அணைக்கச் சொன்னாள். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் சிக்கல் இதுதான். அந்த மாதம் தலைவலிக்காக ஏற்கெனவே இரண்டு லீவு போட்டிருந்தாள். மாதக் கடைசியில் லிஸ்ட் ஒட்டுவார்கள். யார் வேலையில் இருப்பது, யார் ஊருக்குப் போவது என்று அதில் இருக்கும். மூன்றாவது லீவு விழுந்தால் அவள் பெயர் இருக்காது. ஊருக்குத் திரும்பினால் தீப்பெட்டி ஆபீஸ். அந்த மருந்து வாசனை பட்டாலே அவளுக்கு மண்டை பிளக்கும்.

டாக்டரம்மா முதலில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பார்த்து மாத்திரை எழுதிய சீட்டோடு வந்த பிறகுதான் கழுத்தைத் தொட்டார். சிலருக்குக் கழுத்து இறுக்கம் தலைவலியைக் கிளப்பும், அவர்களுக்கு இந்த வைத்தியத்தில் கொஞ்சம் குறையலாம், மற்றவர்களுக்குக் குறையாது, உனக்கு எப்படி என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை மரத்தாலோ இந்தப் படி ஏறாதே, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றும் சொன்னார். என் தலைவலிக்காக முப்பது வருஷமாக டாக்டர்களைப் பார்க்கிறேன். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர். வியாபாரம் எப்படி உருப்படும்? பேச்சி வெளியே வந்து என் காதோரம் கேட்டாள். “என்ன தாத்தா, கடைக்காரவுகளே சரக்கு நல்லாருக்குமான்னு தெரியலைங்காக?”

தண்ணீர்

டாக்டரம்மா பேச்சிக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். தூக்கம், சாப்பாடு, தண்ணீர், எந்த மெஷினில் வேலை, வலி எப்போது என்று தினமும் எழுத வேண்டும். அடுத்த முறை கொண்டுவந்தாள். டாக்டரம்மா பிரித்ததும் தண்ணீர் என்ற இடத்தைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். ஷிப்ட் முழுவதும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கடைசியில், ‘ரூமுக்கு வந்து ரெண்டு சொம்பு.’

அங்கே அதுதான் வழக்கமாம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு லைனுக்கே ஒரு மாற்று ஆள்தான். எத்தனை முறை கை தூக்கினாள் என்று பெயருக்கு நேரே குறித்துவைப்பார்கள். அதனால் காலையிலிருந்தே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. புதிதாகச் சேர்கிறவளுக்கு வேலையைச் சொல்லித்தரும் முன்பே இதைச் சொல்லித்தருகிறார்கள். பாட்டில் நிரம்பிப் போகும், நிரம்பியே திரும்பும்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. ஒரே ஒரு மெஷினில் நிற்கும் நாட்களில் வலி தவறாமல் வந்தது. அதன் திரை உயரத்தில் இருக்கிறது, பேச்சி குள்ளம். ஷிப்ட் முழுக்க அண்ணாந்தே நிற்கிறாள். பிடரி கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. திரையை இறக்கச் சொல், இல்லை காலுக்கடியில் ஒரு பலகை கேள், தண்ணீரும் குடி என்று டாக்டரம்மா கண்டித்தார். லைன் லீடரிடம் திரையைப் பற்றி ஏற்கெனவே கேட்டாயிற்றாம். உயரம் டிராயிங்கில் போட்டிருக்கிறது, மாற்ற முடியாது என்றாராம். தண்ணீருக்கு அவளே பதில் சொன்னாள். “குடிச்சா கையத் தூக்கணும், தூக்குனா பேரு மாட்டும். அதுக்குத் தலவலியே தேவல மேடம்.”

டோக்கன் ஒன்பது

லிஸ்டுக்குப் பத்து நாள் இருந்தது. கழுத்தில் பட்டையோடு ஒருவர் வந்தார். குணசேகர், படப்பைக்காரர். சட்டையில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். பேச்சியின் கம்பெனி. எந்த லைன் என்று கேட்டேன். பேச்சி நிற்கிற லைனுக்கு இவர்தான் லீடர். உள்ளே நாலாம் நம்பர் போயிருந்தது. இவருக்கு ஒன்பது.

பெஞ்சில் இரண்டு இடம் காலி. ஒன்றில் என் டிபன் பாக்ஸை வைத்தேன். மிச்சம் இருந்தது டிவிக்கு எதிரே, மிகக் கிட்டத்தில். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பிடரியைத் தேய்த்துக்கொண்டு என்மேல் பாய்ந்தார். “எவ்ளோ நேரம் பெரியவரே ஒரு மனுசன் அண்ணாந்துகினே இருப்பான்? அத்த கொஞ்சம் கீழ இறக்கி மாட்டுனா இன்னா?”

பலகை

உயரம் டிராயிங்கில் போட்டிருக்கிறது என்றேன். சிரித்தார். உங்கள் லைனில் ஒரு திரை இருக்கிறதாமே, குள்ளமான பெண்கள் எட்டு மணி நேரம் இப்படித்தான் பார்க்கிறார்களாமே என்றேன். சிரிப்பு நின்றது. யார் சொன்னது என்றார். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அதையும் குறித்துவைப்பார். அதற்குள் ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

நாலாம் நாள் அந்த மெஷினுக்கு முன்னால் பலகை வந்துவிட்டது. வழுக்காமல் இருக்க மேலே ரப்பர், ஓரத்தில் மஞ்சள் டேப். பேச்சி ஏறி நின்றாள். தண்ணீரும் மடக்கு மடக்காகக் குடிக்க ஆரம்பித்தாள். நாளுக்கு ஒரு முறை துணிந்து கை தூக்கினாள். தலைவலி ஒரேயடியாகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி வந்தது, கம்பெனிக்கு இடைஞ்சல் இல்லாமல் அறையில் இருட்டில் படுத்திருந்தாள். மாத்திரையா, பலகையா, தண்ணீரா, அவர் விரலா, எது வேலை செய்தது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். வழக்கம்போல் தெரியாது என்றார். மூன்றாவது லீவு விழவில்லை. லிஸ்டில் பெயர் இருந்தது.

அதே வாரம் தொழிற்சாலையில் சிறந்த யோசனைக்குப் பரிசு கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் பலகையின் படம், பக்கத்தில் ஷீல்டோடு குணசேகர். உயரம் குறைந்த ஊழியர்களின் சிரமத்தைத் தாமே உணர்ந்து செய்தாராம். பேச்சி போனில் காட்டினாள். எனக்கு அன்று தலைவலி வந்தது, கழுத்தால் அல்ல. உனக்கு வயிறு எரியவில்லையா என்று கேட்டேன். சிரித்தாள். “ஷீல்டு அவருக்கு, பலகை எனக்கு. ஷீல்டு மேல ஏறி நிக்க முடியாதுல்லா தாத்தா?”

ஊரான் தொழிற்சாலையில் அண்ணாந்து நிற்கிற சிரமத்தைத் தீர்த்துக் கொடுத்த எங்கள் கிளினிக்கில், ஏணி கிடைக்கவில்லை என்பதால், டிவி இன்னமும் கூரையை ஒட்டியேதான் இருக்கிறது.